சிறு நிறுவனத்துக்கு ஒரு பக்க ஆடைக் கொள்கை: திருப்பூர் தொழில் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

கேள்வி: மலைக்கோட்டை_குழந்தையாடை

வணக்கம். திருச்சியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பருத்தி ஆடைகள் விற்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். என்னையும் சேர்த்து ஏழு பேர். சொந்தமாகத் தையல் இல்லை. திருப்பூரில் ஒரு கம்பெனியில் ஒரு பருவத்துக்கு 2,000 உருப்படி தைத்து வாங்குகிறோம்.

சென்ற மாதம் ஒரு தாய் கருநீல ஜப்லா ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். எட்டு மாதக் குழந்தை. வியர்வை பட்ட கழுத்து மடிப்பு முழுக்க நீலம் ஏறியிருந்த படத்தைக் கைபேசியில் காட்டினார். சண்டை போடவில்லை. "நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு அதே லாட்டில் ஒன்றை எடுத்து வெள்ளை வாளியில் ஊறப்போட்டேன். மூன்றாவது தண்ணீரிலும் நீலம் இறங்கியது. மீதியிருந்த 112 உருப்படியையும் அலமாரியிலிருந்து இறக்கிவிட்டேன்.

தைத்துக் கொடுத்தவரிடம் கேட்டபோது, "நம்முடையது ஆர்கானிக் அம்மா, சான்றிதழ் இருக்கிறது" என்று ஒரு நகலை அனுப்பினார். உட்கார்ந்து படித்தேன். அதில் இருந்த பெயர் அவருடையது இல்லை, ஒரு நூல் மில்லினுடையது. காலாவதியாகி பத்து மாதம் ஆகியிருந்தது. இந்தச் சான்றிதழை நம்பித்தான் "சூழலுக்கு உகந்த ஆடை" என்று 3,000 அட்டை அச்சடித்து ஆடைகளில் தொங்கவிட்டிருந்தேன். இரண்டு வருடமாக அந்த வார்த்தையைச் சொல்லி விற்றிருக்கிறேன் என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

எங்கள் நிறுவனத்துக்கென்று ஒரு பக்கத்தில் ஆடைக் கொள்கை ஒன்று எழுதிக் கடையில் ஒட்டி, அதன்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்தச் சான்றை நம்புவது? 2,000 உருப்படி எடுக்கும் ஆள் கேள்வி கேட்டால் திருப்பூரில் யாராவது பதில் சொல்வார்களா? அட்டையில் இனி என்ன எழுதலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய_சாயக்காரன்

அம்மா, முதலில் அந்த நீலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னாலேயே வரும்.

1988-இல் துணிக்குச் சாயமேற்றும் வின்ச் மிஷினில் உதவியாளாகச் சேர்ந்து, 2019-இல் டையிங் மாஸ்டராக ஓய்வு பெற்றவன் நான். பருத்திக்கு இங்கே போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது இழையோடு பிணைந்துகொள்ளும். பிணைந்த சாயம் துவைத்தால் போகாது. ஆனால் தொட்டியில் போட்ட சாயம் முழுவதும் பிணைவதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து வீரியம் இழந்து, துணிமேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்கத்தான் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சோப்புக் கரைசலில் கழுவி, அதாவது சோப்பிங் கொடுத்து, பிறகு சுடுநீரிலும் குளிர்நீரிலும் மாற்றி மாற்றி அலசுகிறோம். கருநீலம், கறுப்பு போன்ற அடர் நிறத்துக்கு ஒரு சோப்பிங் போதாது. அவசரத்தில் ஒன்றோடு நிறுத்தினால் துணி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உங்கள் வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தையின் கழுத்தில் ஏறியது, சாயப்பட்டறையிலேயே கழுவி எடுத்திருக்க வேண்டிய சாயம்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்றால், ஒவ்வோர் அலசலுக்கும் நீராவி வேண்டும், நேரம் வேண்டும், அலசிய தண்ணீரைச் சுத்திகரிக்கக் காசு வேண்டும்.

அந்தச் செலவு எப்படி வந்து சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் நுரை பொங்கி ஓடிய காலத்தில் நான் வேலையில் இருந்தேன். ஊரில் அன்றைக்கு என்ன நிறம் ஓடுகிறது என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரவு பதினொரு மணிக்கு மேல் கழிவுநீர் வால்வைத் திறந்துவிடச் சொல்வார்கள். நானும் திறந்திருக்கிறேன். என் அக்காவை ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு ஊரில் கொடுத்திருந்தது. பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. தென்னை காய் சிறுத்து, ஓலை மஞ்சளித்து, ஒவ்வொன்றாகப் பட்டுப்போனது. நான் போனால் மரமேறி இளநீர் வெட்டித் தருகிற மாமா, ஒரு வருடம் லாரித் தண்ணீரைச் செம்பில் மொண்டு கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. அந்தச் செம்பை நான் மறக்கவில்லை.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. சரியாக நடக்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒன்றாக நின்றன. எனக்கு மாதக்கணக்கில் வேலை இல்லை. அன்றைக்கு அந்தத் தீர்ப்பைத் திட்டாத சாயக்காரன் திருப்பூரில் இருந்திருக்க மாட்டான், என்னையும் சேர்த்துத்தான். இன்று நான் அந்தத் தீர்ப்பின் பக்கம் நிற்கிறேன்.

இப்போது முறைப்படி நடக்கும் பட்டறையின் கழிவுநீர் குழாய் வழியாகப் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. முதலில் நுண்ணுயிர்த் தொட்டி, பிறகு வடிகட்டல், பிறகு ஆர்.ஓ. சவ்வுகள். பெரும்பகுதி தண்ணீர் நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பிவிடும். மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவார்கள். அங்கேதான் விறகும் மின்சாரமும் காசும் போகின்றன. மிஞ்சுவதில், சாயமேற்றும்போது போட்ட கிளாபர் உப்பைப் பிரித்து மறுபடியும் சாயத்துக்குப் போடலாம். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. அதற்கு இன்னும் நல்ல வழி பிறக்கவில்லை.

எனவே உப்பைக் குறைப்பதுதான் பெரிய காரியம். இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். சாயம் துணியில் ஏற உப்புப் போடுகிறோம். அடர் கறுப்புக்கு லிட்டருக்குச் சுமார் 80 கிராம். இன்றைய சாஃப்ட் ஃப்ளோ சாய மிஷினில் ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஒரு கிலோ துணிக்கு 480 கிராம் உப்பு. வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் போதும், கிலோவுக்கு 150 கிராம்தான் ஆகும். குழந்தை ஆடை ஒன்று 80 கிராம் இருக்குமென்றால், உங்கள் 2,000 உருப்படி 160 கிலோ. எல்லாம் கருநீலமும் கறுப்பும் என்றால் 77 கிலோ உப்பு. எல்லாம் வெளிர் நிறம் என்றால் 24 கிலோ. எட்டு மாதக் குழந்தைக்குக் கருநீலம் எதற்கு? இளமஞ்சள், வெளிர்பச்சை, சாயமே ஏற்றாத பருத்தி நிறம் என்று உங்கள் நிறப்பட்டியலை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

பட்டறை விஷயத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். துணி எந்தப் பட்டறையில் சாயம் ஏறுகிறது? அந்தப் பட்டறை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர், அல்லது சொந்தமாக நிலையம் வைத்திருக்கிறதா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எந்தத் தேதி வரைக்கும் செல்லும்? இவற்றைச் சொல்லத் தயங்குகிறவரிடம் துணி எடுக்காதீர்கள். ஊரே சொல்லும் விலையைவிட ஒருவர் கிலோவுக்கு மிகவும் குறைத்துச் சாயம் போட்டுத் தருகிறார் என்றால், அவருடைய தண்ணீர் எங்கோ ஒரு பள்ளத்துக்குப் போகிறது. சான்றிதழ் காகிதங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தணிக்கைக்கு ஆள் வருகிற அன்று பட்டறை எப்படிப் பளபளத்தது என்பதைப் பார்த்தவன் நான்.

பதில்: பல்லடம்சாலை_மெர்ச்சண்டைசர்

அக்கா, ஐயா சொன்னதில் ஒன்றே ஒன்றில் மாறுபடுகிறேன். சான்றிதழைத் தூக்கிப்போட வேண்டாம். அதைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்கானிக் துணிக்கான, நாங்கள் காட்ஸ் என்று சொல்லும் ஜி.ஓ.டி.எஸ். என்ற உலகத் தரத்தில், நூலுக்குச் சான்று இருப்பதால் சட்டைக்குச் சான்று ஆகிவிடாது. பின்னல், சாயம், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொரு படியும் சான்றுக்குள் இருக்க வேண்டும். ஒரு படி விட்டுப்போனாலும் அந்த ஆடையில் காட்ஸ் முத்திரை போட முடியாது. கம்பெனிக்கான சான்றிதழ் வேறு, சரக்குக்கான பரிவர்த்தனைச் சான்றிதழ் வேறு. முதலாவது, "இவர் செய்யத் தகுதியுள்ளவர்" என்கிறது. இரண்டாவதுதான், "இந்த லாட், இத்தனை கிலோ, இன்னாருக்குப் போனது" என்கிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. உரிம எண்ணைக் காட்ஸ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், இரண்டு நிமிடம் போதும். ஆர்கானிக் என்று போட 95 சதவீத இழையாவது சான்று பெற்றதாக இருக்க வேண்டும். ஆர்கானிக் கலந்து செய்தது என்று போட 70 சதவீதம்.

ஓக்கோடெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்று இன்னொன்றைக் காட்டுவார்கள். அது முடிந்த துணியில் தீங்கான வேதிப்பொருள் இருக்கிறதா என்று சோதிப்பது. மூன்று வயது வரையிலான குழந்தைகளின் ஆடைகளுக்கு அதில் மிகக் கடுமையான முதல் வகுப்பு உண்டு. உங்கள் வியாபாரத்துக்கு அது மிகவும் பயன்படும். ஆனால் அந்த முத்திரை கழிவுநீரைப் பற்றியோ கூலியைப் பற்றியோ எதுவும் சொல்லாது.

மோசடி நடக்காமல் இல்லை. 2020-இல் இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் பொய்ச் சான்று போட்டிருந்ததைக் காட்ஸ் அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. அரசு இணையதளத்தைப் போலவே போலித் தளம் செய்து, சான்றில் இருந்த க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் அங்கே போகும்படி வைத்திருந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், அவர்கள் தரும் காகிதத்தில் இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். நீங்களே தளத்துக்குப் போய் எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். 14 வருடமாக, சரக்கு எடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களோடு, அதாவது பையர்களோடு, வேலை செய்கிறேன். ஒரு பையர் எங்களுக்கு நாற்பது பக்கத்தில் நடத்தை விதிமுறை அனுப்பினார். வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதே பையர் ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு, கழுத்துப் பட்டையின் நிறத்தை மாற்றி, கப்பல் தேதியை மட்டும் அப்படியே வைத்து மின்னஞ்சல் அனுப்பினார். புதிதாகச் சாயம், புதிதாக கட்டிங். பத்து நாள் ஒன்றரை ஷிப்ட், பிறகு முழு இரவு. மூன்றாவது இரவில் செக்கிங் மேஜையில் ஓர் அம்மா, கையில் இருந்த டி-ஷர்ட்டின் தையலை விரலால் தடவியபடியே தூங்கிவிட்டார். விரல் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த மின்னஞ்சலுக்கு "சரி, செய்து தருகிறோம்" என்று பதில் போட்டவள் நான்.

உங்கள் கொள்கை இருக்க வேண்டிய இடம் பர்ச்சேஸ் ஆர்டர், அக்கா. மாதிரிக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு நிறமோ அளவோ மாற்ற மாட்டேன், மாற்றினால் தேதியும் தள்ளும் என்று அதில் எழுதுங்கள். விலையைப் பேசும்போது தையல் கூலி எவ்வளவு என்று தனியாகக் கேட்டு, அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். பணம் எந்த நாளில் தருவீர்கள் என்பதையும் போடுங்கள். குறு, சிறு தொழிலுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதிய ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும், இல்லையென்றால் 15 நாள். இங்கே சம்பளம் சனிக்கிழமை. நீங்கள் மூன்று மாதம் இழுத்தால், அந்தச் சனிக்கிழமைக்கு முதலாளி வட்டிக்கு வாங்குவார், அந்த வட்டி பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக் கூலியில் கழியும்.

பெண்களுக்காக ஒன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பெயர்களை அங்கே தைக்கும் பெண்களுக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள். திண்டுக்கல்லில் 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமையிலான சங்கமும் ஆலை நிர்வாகமும் கையெழுத்திட்டன. சரக்கு எடுக்கும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய நிறுவனங்களும் தனித்தனியாக ஒப்பந்தத்தில் சேர்ந்தன. ஒரு இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு வந்தது அது. ஆலை மீறினால் ஆர்டர் பாதிக்கும் என்று சரக்கு எடுப்பவரையும் கட்டிப்போட்டதுதான் அதன் பலம். வெறும் தணிக்கைக்கு அந்தப் பலம் கிடையாது. 2013-இல் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்களே, அந்தக் கட்டடத்திலும் தணிக்கை முடித்த கம்பெனிகள் இருந்தன.

அட்டை விஷயம்: "சூழலுக்கு உகந்தது", "பசுமை" என்று மொட்டையாக எழுதக் கூடாது, எழுதினால் ஆதாரத்தோடு எதைக் குறிக்கிறது என்று விளக்க வேண்டும் என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரிலேயே வழிகாட்டுநெறி வெளியிட்டுவிட்டது. அந்த 3,000 அட்டையில் மிச்சம் இருப்பதைப் பயன்படுத்தாதீர்கள்.

பதில்: ஹாம்பர்க்_யாழ்ப்பாணத்தான்

அக்கா, ஜெர்மனியிலிருந்து சிறிய தகவல். இங்கே ஓர் உடுப்புக் களஞ்சியத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். இணையத்தில் வாங்கித் திருப்பி அனுப்பும் உடுப்புகளைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. உறைகூடக் கிழியாத சட்டைகள் அழிப்பதற்கென்று தனிக் கூண்டில் போகும். கழுத்துப் பட்டியில் இந்தியா, பங்களாதேஷ் என்று இருக்கும். அதைக் கூண்டில் போடும்போது கை கூசும்.

அது இப்போது மாறுகிறது. விற்காத உடுப்பையும் சப்பாத்தையும் அழிப்பதற்குப் பெரிய நிறுவனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2026 ஜூலை 19-இல் தொடங்கும் என்று சட்டம். ஆதாரமில்லாமல் சூழலுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லி விற்பதற்கான தடை அதே வருடம் செப்டம்பர் 27-இலிருந்து. வழங்குநர்களின் மனித உரிமை நிலைமைக்குப் பெரிய நிறுவனங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஜெர்மன் சட்டம் 2023-இலேயே வந்துவிட்டது. ஐரோப்பா முழுவதற்குமான அதே மாதிரிச் சட்டத்தை 2024-இல் நிறைவேற்றி, 2025-இல் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

உங்களிடம் ஒரு கேள்வி. இறக்கி வைத்த அந்த 112 உடுப்புகளை என்ன செய்தீர்கள்?

கேள்வி கேட்டவர்: மலைக்கோட்டை_குழந்தையாடை

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு எல்லாப் பதிலையும் கடைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன்.

ஹாம்பர்க் தம்பிக்கு: அந்த 112-ஐயும் வீசவில்லை. சுடுநீரில் சோப்புப் போட்டு ஐந்து முறை அலசினோம். சாயம் நின்ற பிறகும் குழந்தைக்கு விற்க எனக்கு மனம் வரவில்லை. வெட்டி, பள்ளிப் பைகளுக்கு உள்துணியாகத் தைத்துக்கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே வாங்கியவர்களில் எண் இருந்த 61 பேருக்கும் தொலைபேசியில் சொன்னோம். பத்தொன்பது பேர் திருப்பித் தந்தார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

கொள்கை ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. அடர் கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். சாயப்பட்டறையின் பெயர் தெரியாமல் ஆர்டர் இல்லை. ஒப்புதலுக்குப் பிறகு மாற்றம் இல்லை. சரக்கு வந்த 30-ஆம் நாள் பணம். இந்த வரிகளையெல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே அச்சடிக்கப் போகிறேன். அட்டையில் இனி, "100 சதவீதம் பருத்தி, தைத்தது திருப்பூர், முதல் முறை தனியாகத் துவைக்கவும்" என்பது மட்டும். முழுச் சங்கிலிக்கும் சான்று கிடைக்கிற அன்றுதான் ஆர்கானிக் என்ற வார்த்தை.

தைத்துக் கொடுப்பவரிடம் மூன்று கேள்வியையும் கேட்டேன். முதலில் கோபப்பட்டார். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்து, சாயத்துக்கு இதுவரை ஓர் இடைத்தரகரிடம் கொடுத்து வந்ததாகவும், பட்டறை எது என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னார். சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக உள்ள பட்டறைக்கு மாற்றினால் உருப்படிக்கு 11 ரூபாய் கூடும் என்கிறார். சம்மதித்துவிட்டேன். விற்பனை விலையில் 15 ரூபாய் ஏற்றுகிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு அந்த உப்புக் கணக்கையே சொல்லப் போகிறேன்.

அடுத்த வாரம் நேரில் பட்டறைக்கு வரலாம் என்கிறார். ஐயா, போனால் நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பழைய_சாயக்காரன்

அம்மா, புதன்கிழமை போங்கள். சனிக்கிழமை சம்பள நாள், யாருக்கும் பேச நேரம் இருக்காது. திங்கள், செவ்வாயில் பல இடங்களில் மிஷின் முழு வேகம் எடுத்திருக்காது.

வெள்ளைக் கைக்குட்டை ஒன்று கொண்டுபோங்கள். காய்ந்த துணியில் பத்து முறை தேயுங்கள். பிறகு கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து பத்து முறை தேயுங்கள். ஈரத்தில் கொஞ்சம் சாயம் ஏறத்தான் செய்யும். காய்ந்ததிலேயே ஏறினால் அந்தத் துணி வேண்டாம்.

கழிவுநீர் போகும் குழாயில் மீட்டர் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வரும் தண்ணீரின் கணக்குப் புத்தகத்தையும் கேளுங்கள். துணியில் ஏறிப் போவதும் ஆவியாவதும் போக, இரண்டும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். மிஷினுக்குக் கீழே கால்வாயில் நடந்து பாருங்கள், அது கடைசியில் எங்கே சேருகிறது என்று கண்ணால் காணும் வரை நடங்கள். செருப்பு நனையும், பழைய செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் திரும்பும் வழியில் ஒரத்துப்பாளையம் போய்வாருங்கள். மாமா இப்போது இல்லை. அக்கா இருக்கிறாள். வருவதாக இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், நானும் வந்து காட்டுகிறேன்.